புது மெத்தை வாங்க வேண்டும்: ஃபோமா, ஸ்பிரிங்கா, லேடெக்ஸா?

அரைத்தூக்கம்

எங்கள் மெத்தையின் ஆயுசு முடிந்துவிட்டது. ஆள் படுக்கும் இரண்டு பக்கமும் பள்ளமாகி, நடுவில் மட்டும் வரப்பு மாதிரி ஒரு மேடு நிற்கிறது. தூக்கத்தில் புரண்டால் அதில் ஏறி இறங்க வேண்டியிருக்கிறது. காலையில் எழுந்ததும் இடுப்பு பிடித்துக்கொள்கிறது, கொஞ்சம் நடமாடினால் விட்டுவிடுகிறது.

என் எடை 86 கிலோ. ஒருக்களித்துப் படுத்தால்தான் தூக்கம் வரும். மனைவி 54 கிலோ, மல்லாந்து படுப்பவர். நான் திரும்பிப் படுத்தால் அவருக்கு விழிப்பு வந்துவிடும். கட்டில் 6 அடிக்கு 5 அடி.

கடை கடையாக ஏறி இறங்கியதில் குழப்பம்தான் மிச்சம். ஒருவர் "இடுப்புவலி என்றால் ஆர்த்தோ மெத்தைதான்" என்கிறார். அடுத்தவர் மெமரி ஃபோமைத் தவிர வேறு பேச்சே எடுப்பதில்லை. இன்னொருவர் "ஃபோமெல்லாம் அமுங்கிப்போகும், ஸ்பிரிங் எடுங்கள்" என்கிறார். பத்து வருட வாரண்டி மட்டும் எல்லோரிடமும் இருக்கிறது. படுக்கச் சுகமாக இருக்க வேண்டும், சீக்கிரம் குழி விழக் கூடாது, கொடுக்கிற காசுக்குத் தகுந்ததாக இருக்க வேண்டும். எதைப் பார்த்து முடிவு செய்வது?

சுருள்வில்

மெத்தை மேல் பழியைப் போடும் முன் கட்டிலைப் பார்த்தீர்களா? மெத்தையை எடுத்துவிட்டுக் கட்டிலின் குறுக்குச் சட்டங்களைக் கையூன்றி அழுத்திப் பாருங்கள். ஒரு சட்டம் வளைந்திருந்தாலோ, நடுவில் தாங்கும் கால் தரையைத் தொடாமல் தொங்கினாலோ, எந்த மெத்தை போட்டாலும் பள்ளம் விழத்தான் செய்யும். சட்டங்களுக்கு நடுவே 7, 8 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தால் ஃபோம் அந்தச் சந்துக்குள் இறங்கும்.

அப்புறம், மெத்தையைத் தரையில் போட்டு இரண்டொரு ராத்திரி படுத்துப் பாருங்கள். வலி குறைந்தால் கோளாறு கட்டிலில் இருக்கிறது. பள்ளம் எவ்வளவு என்று தெரிய, நேரான துடைப்பக் கட்டை ஒன்றை மெத்தையின் குறுக்கே வைத்து, கட்டைக்கும் துணிக்கும் இடையில் ஸ்கேலை விட்டு அளந்தால் போதும். இந்த அளவு பிறகு வாரண்டிப் பேச்சிலும் உதவும்.

தரைவாசி

எதற்கு இவ்வளவு ஆராய்ச்சி? இருப்பதிலேயே கெட்டியான மெத்தையாகப் பார்த்து வாங்குங்கள். முதுகுக்குக் கெட்டிதான் நல்லது. மெத்துமெத்தென்று படுத்துப் பழகித்தான் எல்லோருக்கும் இடுப்பு போகிறது.

எடைத்தராசு

தரைவாசி சொல்வதை ரொம்ப காலம் மருத்துவர்களும் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். அதைச் சோதித்த ஆய்வு ஒன்று 2003-ல் லான்செட் இதழில் வந்தது. ஸ்பெயினில் கோவாக்ஸ் என்பவரும் அவர் குழுவினரும் செய்தது. நாள்பட்ட இடுப்புவலி உள்ள 313 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதிக்குக் கெட்டி மெத்தையும் மறு பகுதிக்கு நடுத்தரக் கெட்டி மெத்தையும் கொடுத்தார்கள். 90 நாள் கழித்துக் கேட்டபோது, படுக்கையில் இருக்கும்போது வரும் வலி, எழும்போது வரும் வலி, அன்றாட வேலையில் படும் சிரமம் மூன்றிலும் நடுத்தர மெத்தைக்காரர்களே மேலாக இருந்தார்கள்.

அதில் பயன்படுத்திய அளவுகோலில் 1 என்றால் மகாக் கெட்டி, 10 என்றால் மிக மெத்து. கெட்டி மெத்தை 2.3-லும் நடுத்தரம் 5.6-லும் இருந்தன. ஆக, நடுத்தரம் என்பது கிட்டத்தட்ட நட்டநடுவில்தான் இருக்கிறது. ஆனால் ரொம்ப மெத்தான மெத்தையை அவர்கள் சோதிக்கவே இல்லை. ஃபோமா ஸ்பிரிங்கா என்ற கேள்விக்கும் அதில் பதில் இல்லை. அதைக் காட்டி "எங்கள் ஃபோம் நல்லது என்று ஆய்வே சொல்கிறது" என்று யாராவது விற்க வந்தால் நம்ப வேண்டாம்.

தரைவாசி

அந்த 313 பேரில் நான் இல்லையே. தரையில் ஒரு துப்பட்டியை விரித்துப் படுத்தால் எனக்கு அடித்துப் போட்டது போல் தூக்கம்.

எடைத்தராசு

நீங்கள் மல்லாந்து படுப்பவர், உடம்பும் ஒல்லி. சரியா?

தரைவாசி

ஜோசியமும் பார்ப்பீர்களா? சரிதான்.

பழைய பட்டறை

நுரை, அதாவது ஃபோம், வெட்டும் பட்டறையில் பல வருடம் இருந்தவன் என்பதால் ஒன்று சொல்கிறேன். கடையில் படுத்துப் பார்க்கும்போது உங்களுக்குத் தெரிவது கெட்டியா மெத்தா என்பது மட்டும்தான். எத்தனை வருடம் உழைக்கும் என்பது முதுகுக்குத் தெரியாது. அது நுரையின் அடர்த்தியில் இருக்கிறது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பித்தான் பாதி வியாபாரம் நடக்கிறது.

அடர்த்தி என்றால் ஒரு கன மீட்டர் நுரை எத்தனை கிலோ என்பது. கெட்டித்தன்மைக்கு வேறு அளவு இருக்கிறது, ஐ.எல்.டி. என்பார்கள். 4 அங்குலக் கனமுள்ள நுரைத்துண்டை ஒரு வட்டத் தட்டால் கால்வாசி ஆழத்துக்கு அமுக்க எவ்வளவு விசை தேவை என்று அளப்பது அது. கலவையை மாற்றினால் 20 அடர்த்தி நுரையையும் பலகை போல ஆக்கலாம், 40 அடர்த்தி நுரையையும் மெத்தென்று வார்க்கலாம். அந்த 20 அடர்த்திப் பலகையைக் கடையில் தொட்டுப் பார்த்து "நல்ல உறுதி" என்று வாங்கிப்போவார்கள். உள்ளே இருக்கும் நுண்ணறைகளின் சுவர் மெல்லிசு. ராத்திரி முழுக்க எடை ஏறி ஏறி அவை ஒவ்வொன்றாக உடையும். இடுப்பு படும் இடத்தில் எடை அதிகம், அதனால் அங்கேதான் முதலில் குழி விழும்.

சாதாரண பாலியூரிதேன் ஃபோம் என்றால் 24-க்குக் கீழே இருப்பதை எப்போதாவது படுக்கும் அறைக்கு வைத்துக்கொள்ளலாம், தினசரிக்கு ஆகாது. 28 முதல் 32 பரவாயில்லை. அரைத்தூக்கம் எடைக்கு 35-லிருந்து 40 வரை பார்க்கலாம். மெமரி ஃபோம் என்றால் 50-ஆவது வேண்டும். லேடெக்ஸ், அதாவது ரப்பர் நுரை, இயல்பிலேயே 65, 70-க்கு மேல்தான் வரும்.

இதில் ஒரு கண்கட்டு வித்தை உண்டு. "எங்கள் மெத்தை 90 அடர்த்தி" என்று எழுதியிருப்பார்கள். அது பெரும்பாலும் ரீபாண்டட் ஃபோம். வெட்டி மிஞ்சிய பல நிறத் துண்டுகளை நொறுக்கி, பசை கலந்து, அழுத்தி இறுக்கியது. எடை அதிகம், அதனால் எண்ணும் அதிகம். அதைச் சாதா ஃபோமின் 32-ஓடு ஒப்பிடவே கூடாது. ரீபாண்டட் கெட்ட சரக்கு என்று சொல்லவில்லை. அடியில் ஓர் அடுக்காகப் போட்டால் நன்றாகத் தாங்கும். மேலே மெல்லிசாக ஒரு ஃபோமை ஒட்டி, மீதி முழுக்க ரீபாண்டடை வைத்து, "ஆர்த்தோ" என்று பெயர் போட்டு விற்பதுதான் எரிச்சல். அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாம். அதற்குப் பின்னால் எந்த மருத்துவச் சோதனையும் இருந்தாக வேண்டும் என்பதில்லை.

அரைத்தூக்கம்

பட்டறை ஐயா, பெரிய உதவி. ஆனால் கடையில் அடர்த்தி கேட்டால் "ஹை டென்சிட்டி சார்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எண் கேட்டால் முழிக்கிறார்கள். எப்படித் தெரிந்துகொள்வது?

எடைத்தராசு

தராசில் நிறுத்துவிடுங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை. உங்கள் அளவையே எடுத்துக்கொள்வோம். 6 அடிக்கு 5 அடி, 8 அங்குல உயரம் என்றால் சரியாக 20 கன அடி. ஒரு கன மீட்டருக்குச் சுமார் 35.3 கன அடி. அப்படியானால் மெத்தை 0.57 கன மீட்டர். முழுக்க 32 அடர்த்தி ஃபோம் என்றால் 18 கிலோ இருக்க வேண்டும். 40 என்றால் 23 கிலோ அருகே. பெட்டியில் வரும் மெத்தைகளுக்கு அனுப்பும் எடையை விவரப் பட்டியலில் போட்டிருப்பார்கள். உறைக்கும் பெட்டிக்கும் இரண்டு மூன்று கிலோ கழித்துக்கொள்ளுங்கள். மிச்சம் 11 கிலோதான் என்றால் அது 20 அடர்த்தி. உறையில் என்ன எழுதியிருந்தாலும் சரி.

பழைய பட்டறை

கணக்கு சரி, ஆனால் ஓர் ஓட்டை இருக்கிறது. அடியில் 3 அங்குலம் ரீபாண்டடும் மேலே மட்ட நுரையும் வைத்தால் மொத்த எடை கனமாகவே காட்டும். சில இடங்களில் நுரைக் கலவையிலேயே கால்சியம் கார்பனேட் தூளைக் கலந்து எடை ஏற்றுவார்கள். அதனால் எடை குறைவாக இருந்தால் மோசம் என்று உறுதியாகச் சொல்லலாம், எடை கூடுதலாக இருந்தால் நல்லது என்று சொல்ல முடியாது. அடுக்கு வாரியாகக் கேளுங்கள்: எந்த அடுக்கு, எத்தனை அங்குலம், என்ன அடர்த்தி. உறையில் ஜிப் இருந்தால் திறந்து பாருங்கள். பல நிறத் துணுக்குகள் தெரிந்தால் அது ரீபாண்டட், சந்தேகமே வேண்டாம்.

எடைத்தராசு

ஒப்புக்கொள்கிறேன். எடைச் சோதனை கழித்துக்கட்ட மட்டும்தான்.

நடுநிசி

எல்லோரும் நுரையின் ஜாதகத்தைப் பார்க்கிறீர்கள், படுக்கிற ஆளைப் பற்றியும் கொஞ்சம் பேசுவோமா? ஒருக்களித்துப் படுத்தால் தோளும் இடுப்பெலும்பும்தான் முதலில் மெத்தையில் இறங்கும். அவை இறங்க இடமில்லாவிட்டால் தோள் மரத்துப்போகும், கை குறுகுறுக்கும். தோள் இறங்கி, இடைப்பகுதிக்கு அடியிலிருந்தும் தாங்கல் கிடைத்தால் முதுகெலும்பு ஒரே கோட்டில் நிற்கும். அதற்கு மேல் அடுக்கு 2, 3 அங்குலமாவது மெத்தென்று இருக்க வேண்டும், அதற்குக் கீழே நல்ல தாங்கல் வேண்டும். குப்புறப் படுப்பவர்களுக்கு நேர்மாறு. மெத்தென்று இருந்தால் வயிற்றுப் பகுதி இறங்கி இடுப்பு வளைந்துவிடும்.

எடை இன்னொரு விஷயம். ஒரே மெத்தை 86 கிலோ ஆளுக்கு மெத்தென்றும் 54 கிலோ ஆளுக்குக் கெட்டியாகவும் தோன்றும். அதனால்தான் இணையத்தில் ஒரே மெத்தையை ஒருவர் பலகை என்றும் இன்னொருவர் சேறு என்றும் திட்டியிருப்பார். நட்சத்திரத்தை எண்ணுவதை விட, உங்கள் எடைக்கும் படுக்கும் வாகுக்கும் நெருக்கமானவர் என்ன எழுதியிருக்கிறார் என்று தேடுங்கள்.

கடைக்குப் போனால் செருப்பைக் கழற்றிவிட்டு, வழக்கமாகப் படுக்கும் வாகிலேயே பத்துப் பதினைந்து நிமிடம் படுங்கள். உட்கார்ந்து குதித்துப் பார்ப்பதில் ஒன்றும் தெரியாது. உங்கள் மனைவி மல்லாந்து படுக்கட்டும், இடுப்பு வளைவுக்கு அடியில் நீங்கள் கையை நுழைத்துப் பாருங்கள். கை தாராளமாகப் போய் வந்தால் அவருக்கு அது கெட்டி அதிகம். நுழையவே இடமில்லை என்றால் அவர் ரொம்ப அமிழ்கிறார். கொஞ்சம் உரசிக்கொண்டு போனால் சரி. விற்பனையாளர் தலைக்கு மேலே நின்றால் "கொஞ்சம் விடுங்கள், நாங்களே கூப்பிடுகிறோம்" என்று சொல்லிவிடுங்கள். கூச்சப்பட்டு இரண்டு நிமிடத்தில் எழுந்துவிட்டால் கடைக்குப் போனதற்கே அர்த்தமில்லை.

சுருள்வில்

புரண்டால் விழிப்பு வருகிறது என்றாரே, அதற்குப் பாக்கெட் ஸ்பிரிங் பாருங்கள். ஸ்பிரிங்கில் முக்கியமாக இரண்டு ஜாதி. போனல் என்பது மணற்கடிகை வடிவச் சுருள்கள், ஒன்றோடொன்று கம்பியால் பிணைத்தது. ஒரு மூலையில் உட்கார்ந்தால் மறு மூலை ஆடும். பாக்கெட் ஸ்பிரிங்கில் ஒவ்வொரு சுருளும் தனித்தனித் துணிப் பையில் இருக்கும், அதனால் அமுங்கும் இடம் மட்டும் அமுங்கும். இது புதுச் சரக்கு என்று நினைக்க வேண்டாம், ஜேம்ஸ் மார்ஷல் என்பவர் 1900 வாக்கிலேயே கொண்டுவந்தது.

"ஆயிரம் சுருள், இரண்டாயிரம் சுருள்" என்ற எண்ணிக்கையில் மயங்காதீர்கள். கம்பியின் கேஜையும் கேளுங்கள். கேஜ் எண் கூடக் கூடக் கம்பி மெல்லிசு. 15 கேஜ் மெல்லிசு, 13 தடிமன். மெல்லிய கம்பியில் ஏகப்பட்ட சுருளைத் திணித்துவிட்டால் எண்ணிக்கை அழகாக இருக்கும், தாங்கல் இருக்காது. இன்னொன்று, ஸ்பிரிங் மெத்தையிலும் முதலில் போவது பெரும்பாலும் ஸ்பிரிங் இல்லை. அதற்கு மேலே போட்டிருக்கும் ஃபோம்தான். அதனால் பட்டறை ஐயா சொன்ன கேள்வி இதற்கும் பொருந்தும்.

வெக்கை

மெமரி ஃபோம் பற்றி யாரும் வாயே திறக்கவில்லையே. எனக்கு உடம்புச் சூடு, அறையிலும் வெக்கை. எடுக்கலாமா?

எடைத்தராசு

வேண்டாம் என்றுதான் சொல்வேன். விமான இருக்கையில் மோதல் அடி குறைய வேண்டும் என்று நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்துக்காக 1966-ல் சார்லஸ் யோஸ்ட் உருவாக்கிய நுரை அது. உடம்புச் சூட்டில் இளகி, உடம்பின் வடிவத்துக்கு அமைந்துகொள்ளும். ஆளைச் சுற்றி அணைத்துக்கொள்வதால் காற்றுப் போக வழி குறைவு, சூடு அங்கேயே தங்கும். குளிர்ந்த அறையில் அதே மெத்தை விறைத்துக்கொள்ளும். ஏ.சி. கடையில் படுத்துப் பார்த்துவிட்டு வெக்கை அறையில் கொண்டுபோய்ப் போட்டால் வேறு மெத்தை மாதிரி இருக்கும்.

ஜெல் கலந்தது குளுகுளு என்பார்கள். கை வைத்தால் ஜில்லென்றுதான் இருக்கும். கொஞ்ச நேரத்தில் ஜெல்லும் சூடேறிவிடும், அந்தச் சூடு போக இடமில்லை. காற்றோட்டம் வேண்டும் என்றால் ஸ்பிரிங், இல்லாவிட்டால் துளை போட்ட லேடெக்ஸ்.

நடுநிசி

மெமரி ஃபோமை ஒரேயடியாக ஒதுக்க வேண்டாம். பக்கத்தில் படுப்பவரின் அசைவு துளியும் தெரியாது என்பதில் அதை அடிக்க ஆளில்லை. ஒல்லியாக, குளிர் தாங்காத உடம்பாக இருந்தால் அது சுகம்தான். ஆனால் சட்டென்று புரள முடியாது, அமிழ்ந்த இடத்திலிருந்து எழுந்து வர வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

ரப்பர் மரம்

எல்லாவற்றையும் விட லேடெக்ஸ்தான் உழைக்கும். அமுக்கிய கையை எடுத்ததும் உடனே மேலே வரும், அமிழ்கிற உணர்வே இருக்காது. லேடெக்ஸ் வாங்கினால் இந்த விவாதமே தேவையில்லை.

பழைய பட்டறை

லேடெக்ஸ் நல்ல சரக்கு, மறுக்கவில்லை. ஆனால் "லேடெக்ஸ்" என்று மட்டும் எழுதியிருந்தால் அதில் செயற்கை ரப்பர் எவ்வளவு என்று கேட்க வேண்டும். "இயற்கை லேடெக்ஸ்" என்று எழுதிவிட்டும் கலப்பார்கள். "100% இயற்கை" என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள், அங்கேதான் குரல் இறங்கும். ஜி.ஓ.எல்.எஸ். என்ற ஆர்கானிக் லேடெக்ஸ் தரச் சான்று இருந்தால் நம்பலாம், அதற்கு மூலப்பொருளில் 95 சதவீதத்துக்கு மேல் ஆர்கானிக் சான்று பெற்றதாக இருக்க வேண்டும்.

செய்முறையும் இரண்டு. டன்லப் முறையில் ரப்பர் பாலை நுரைக்க அடித்து அச்சில் ஊற்றி வேக வைப்பார்கள். அடியில் கொஞ்சம் கனம் தங்கும், அதனால் தாங்கல் நன்றாக இருக்கும். தலாலே முறையில் அச்சைப் பாதி நிரப்பி, காற்றை உறிஞ்சி உப்பவைத்து, உறைய வைத்து, பிறகுதான் வேக வைப்பார்கள். சீராகவும் மெத்தென்றும் வரும், விலையும் ஏறும். அடியில் டன்லப், மேலே தலாலே என்று இருந்தால் நல்ல சேர்க்கை.

குறை என்ன? கனம். அரைத்தூக்கம் அளவுக்கு 8 அங்குலமும் லேடெக்ஸே என்றால் 40 கிலோவைத் தொடும். தனியாளாகத் திருப்பிப் போட முடியாது. நேர் வெயில் பட்டால் ரப்பர் விறைத்துப் பொடிப்பொடியாக உதிரும், அதனால் மொட்டைமாடியில் காயப்போடக் கூடாது. ரப்பர் ஒவ்வாமை உள்ளவர் வீட்டில் இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

ரப்பர் மரம்

நிழலில் காயப்போடலாமே.

பழைய பட்டறை

தாராளமாக. தூக்க ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

வெக்கை

தேங்காய் நார் மெத்தை எப்படி?

சுருள்வில்

ரப்பர் கலந்து அழுத்திய நார் காற்றோட்டத்தில் நன்றாக இருக்கும், கெட்டியாகவும் இருக்கும். ஒருக்களித்துப் படுப்பவருக்குத் தோள் வலிக்கும். நாளாக நாளாக நார் நொறுங்கி, படுக்கும் இடம் தட்டையாகிவிடும். மேலே லேடெக்ஸ் அடுக்கு ஏதாவது இருந்தால் எடுக்கலாம்.

ஒட்டுத்துணி

வாரண்டி பற்றி நான் சொல்லியே ஆக வேண்டும். பத்து வருட வாரண்டி போட்ட ஒரு நிறுவனத்தின் மெத்தை. இடுப்பு படும் இடத்தில் நன்றாகவே பள்ளம். புகார் கொடுத்தேன். வந்தவர் கயிறு ஒன்றை இழுத்துப் பிடித்து, ஸ்கேல் வைத்து, "20 மில்லிமீட்டர்தான் சார், 25 இருந்தால்தான் கணக்கு" என்றார். படுத்தால் இன்னும் இறங்குகிறதே என்றேன். ஆள் படுக்காமல் தெரியும் பள்ளத்தைத்தான் அளப்பார்களாம். அத்தோடு விட்டாரா? உறையைத் தூக்கிப் பார்த்து ஒரு கறையைக் கண்டுபிடித்தார். கறை பட்ட மெத்தைக்கு வாரண்டி கிடையாது என்று அட்டையில் பொடி எழுத்தில் இருக்கிறது.

வாங்கும் முன்பே அட்டையை வாங்கிப் படியுங்கள். எத்தனை மில்லிமீட்டர் பள்ளம் என்று போட்டிருக்கிறதா? 25-ம் உண்டு, 38-ம் உண்டு. முழுசாக மாற்றித் தருவது எத்தனை வருடம் வரைக்கும்? பல இடங்களில் முதல் சில வருடம்தான் முழு மாற்று, அதற்குப் பிறகு வருடா வருடம் கழித்துக்கொண்டே போய், புது மெத்தைக்குப் பெரும்பங்கை நீங்களே கட்ட வேண்டியிருக்கும். எந்த மாதிரிக் கட்டிலில் போட வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கும். முதல் நாளே தண்ணீர் இறங்காத ப்ரொடெக்டர் உறை போட்டுவிடுங்கள்.

நடுநிசி

வாரண்டியை விட வீட்டில் வைத்துப் படுத்துப் பார்க்கும் அவகாசம்தான் எனக்குப் பெரிது. 100 ராத்திரி என்பார்கள். அதிலும் கேட்க வேண்டியது: குறைந்தது ஒரு மாதம் படுத்த பிறகுதான் திருப்பலாமா? எடுத்துப்போகும் செலவு யாருடையது? பணமாகத் தருவார்களா, வேறு மெத்தைதானா? ஒரு மாத நிபந்தனை நியாயம்தான், புது மெத்தைக்கு உடம்பு பழக மூன்று நான்கு வாரம் பிடிக்கும். முதல் வாரம் எதுவும் பிடிக்காது.

கைப்பிடி

வீட்டில் வயதானவர்கள் இருந்தால் விளிம்பைக் கவனியுங்கள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து எழும்போது விளிம்பு அமுங்கினால் வழுக்கி விழ வாய்ப்பு. சுற்றிலும் கெட்டி ஃபோம் சட்டம் வைத்த மெத்தையாக இருக்கட்டும். உயரமும் அப்படித்தான். கட்டிலோடு சேர்த்து, உட்கார்ந்தால் பாதம் தரையில் முழுசாகப் படியும் உயரம் போதும். 12 அங்குல மெத்தையை உயரக் கட்டிலில் போட்டுவிட்டுப் பெரியவர்களை ஏறச் சொல்லக் கூடாது.

கைக்குழந்தை இருந்தால் இந்த மெத்தை எதுவும் குழந்தைக்கு இல்லை. அதற்குத் தட்டையான, கெட்டியான தனிப் படுக்கைதான். மெத்தென்ற பரப்பில் முகம் புதைந்தால் ஆபத்து.

அரைத்தூக்கம்

எல்லோருக்கும் நன்றி. நிலவரம் சொல்கிறேன். முதலில் கட்டில்: சட்டங்களுக்கு நடுவே 11 சென்டிமீட்டர் இடைவெளி இருந்தது. தச்சரைக் கூப்பிட்டு நடுவில் சட்டம் சேர்த்தாயிற்று. பழைய மெத்தை தரையில் போட்டாலும் வலித்தது, ஆக இரண்டிலும் குற்றம்.

அடுக்கு வாரியாக எழுதித் தரச் சொல்லிக் கேட்டதும் கூட்டம் குறைந்துவிட்டது. ஒருவர் "அது கம்பெனி ரகசியம்" என்றார். மெத்தைக்குள் என்ன ரகசியமோ. ஒரே ஒருவர் தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டார்: கீழே 1 அங்குலம் 35 அடர்த்தி ஃபோம், அதற்கு மேல் 6 அங்குலப் பாக்கெட் ஸ்பிரிங், மேலே 2 அங்குலம் லேடெக்ஸ். படுத்துப் பார்த்தோம். எனக்குத் தோள் இறங்குகிறது. கைச் சோதனையில் மனைவிக்குக் கொஞ்சம் கெட்டி.

இரண்டு பேருக்கும் தனித்தனி மெத்தை போடலாமா என்றும் யோசித்தோம்.

நடுநிசி

5 அடியைப் பிரித்தால் ஆளுக்கு இரண்டரை அடி. ஒருக்களித்துப் படுத்துக் காலை மடக்குபவருக்கு அது குறுகல். 6 அடி அகலக் கட்டிலாக இருந்தால் சரி என்றிருப்பேன். கொஞ்சம் கெட்டி என்பதற்கு மருந்து இருக்கிறது, உங்கள் மனைவி பக்கம் மட்டும் டாப்பர், அதாவது மெத்தை மேல் விரிக்கும் மெல்லிய மெத்து அடுக்கு, ஒன்று போடலாம். கெட்டியை டாப்பரால் சரிசெய்யலாம், குழி விழுந்ததைச் சரிசெய்ய முடியாது. சந்தேகம் இருந்தால் எப்போதும் கெட்டிப் பக்கம் ஒரு படி சாய்ந்து வாங்குவது பாதுகாப்பு.

தரைவாசி

பார்த்தீர்களா, சுற்றிச் சுற்றி என்னிடம்தான் வந்தீர்கள்.

நடுநிசி

ஒரு படி என்றுதான் சொன்னேன், தரை வரைக்கும் இல்லை.

அரைத்தூக்கம்

வாங்கிவிட்டோம். சுருட்டி அடைத்து வந்தது. பிரித்ததும் ரப்பர் வாடை, ஓரங்கள் இன்னும் சுருங்கியே இருக்கின்றன. இது சகஜமா?

பழைய பட்டறை

சகஜம். முழுசாக விரிய ஒரு நாளிலிருந்து மூன்று நாள் வரை ஆகும். சுவரில் சாய்த்து வைக்காமல் கட்டிலிலேயே தட்டையாகக் கிடக்கட்டும், ஜன்னலைத் திறந்து வையுங்கள். வாடை சில நாளில் போய்விடும். தலைவலிக்கும் அளவுக்கு நீடித்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மூன்று நாளுக்குப் பிறகும் ஓரம் உயரம் குறைவாக இருந்தால் ஸ்கேல் வைத்துப் படம் எடுத்து அனுப்புங்கள். துணியில் தைத்த லேபிளை வெட்ட வேண்டாம், அதையும் பில்லையும் அந்தக் கையெழுத்துத் தாளையும் சேர்த்து ஒரு படம் எடுத்து வையுங்கள். லேடெக்ஸ் அடுக்கு மேலே மட்டும் இருப்பதால் தலைகீழாகப் புரட்டாதீர்கள். சில மாதத்துக்கு ஒருமுறை தலைமாட்டைக் கால்மாடாகச் சுற்றிப் போட்டால் போதும்.

எடைத்தராசு

தலையணையையும் கவனியுங்கள். புது மெத்தையில் தோள் கூடுதலாக இறங்கும், அதனால் பழைய தலையணை உயரமாகத் தோன்றும். கழுத்து வலித்தால் உடனே மெத்தையைத் திட்ட வேண்டாம், தலையணை உயரத்தைக் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள்.

வெக்கை

பழைய மெத்தையை என்ன செய்தீர்கள்? எங்கள் வீட்டிலும் ஒன்று கிடக்கிறது.

பழைய பட்டறை

குழி விழுவது நடுவில்தான், ஓரத்து நுரை பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். நீளக் கத்தியால் வெட்டினால் நாற்காலித் திண்டுக்கு ஆகும். வெட்டும்போது மூக்கை மூடிக்கொள்ளுங்கள், பழைய நுரையில் தூசியும் கண்ணுக்குத் தெரியாத தூசி உண்ணிகளும் நிறைய இருக்கும். மீதியைப் பழைய நுரை எடுப்பவர்களிடம் கொடுத்தால் ரீபாண்டடுக்குப் போகும். குப்பையோடு சேர்த்து எரிக்க மட்டும் எரிக்காதீர்கள். பாலியூரிதேன் புகையில் கார்பன் மோனாக்சைடோடு ஹைட்ரஜன் சயனைடும் வரும்.